மூலிகைக் கனவும் திருவருளும்

உயிரானது உடம்பினுள் நின்று அறியுமிடத்துச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைப்படும் என்பது மெய்கண்ட சந்தானத்தார் துணிபு. நெற்றியில் நிற்குங்கால் 35 கருவிகளோடு நனவும், அவற்றுள் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழியக் கண்டத்தில் 25 கருவிகளோடு கனவும் நிகழும். சுழுத்தியில் எஞ்சுவன மூன்று, துரியத்தில் இரண்டு, அதீதத்தில் புருடன் ஒன்றே. இக்கணக்கை யாம் கரும்பலகையில் எழுதுகின்றோம். மாணாக்கர் மனனஞ் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவைத்து, மண்டபத்தை விட்டு வெளிவரும்போதே மறந்துவிடுகின்றனர். வினா எழாத இடத்தில் விடையை மட்டும் கற்பித்தால் வேறென்ன நிகழும்? ஆயின் இரண்டாம் அவத்தையைக் குறித்து மெய்யான வினா ஒன்று இப்பொழுது பிள்ளைகளிடமிருந்தே எழுந்துளது.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், பிறநாட்டிலிருந்து தபாலில் வந்த சிறு பொதி ஒன்றைக் காட்டி வினாவினான்: "ஐயா, இதை உண்டு உறங்கினாற் கனவு தெளிவாக வரும் என்கிறார்கள். அக்கனவில் முருகப்பெருமானைக் கண்டால், அது அருளா, மருந்தின் வேலையா?" விளையாட்டாகக் கேட்டவன் அல்லன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சைவ வகுப்பு நடத்தும் ஆசிரியர்மார்க்கு இவ்வினா இன்றில்லாவிடினும் நாளை வருதல் கூடும். "மூடத்தனம்" என்று ஒதுக்கிவிட்டால், பிள்ளை நம்மிடம் கேட்பதை நிறுத்துவானேயன்றி உண்பதை நிறுத்தான்.

முதலிற் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். அப்பொதியில் இருந்தது வாலுழுவை அரிசி. நம் சித்த மருத்துவர் எண்ணெய் வடித்துப் புத்தித் தெளிவிற்கென நெடுங்காலமாக வழங்கி வரும் அதே வித்து, அயல்நாட்டுப் பெயர் புனைந்து, பன்மடங்கு விலையோடு நம்மிடமே திரும்பி வந்திருக்கின்றது. இவ்வாறே இத்தீவின் மழைக்காடுகளிற் படரும், சிங்கள மக்கள் புஸ்வெல் என்று வழங்கும் பெருங்கொடியின் வித்தும், அதன் இனத்து வித்துக்களும் 'ஆபிரிக்கக் கனவுக்காய்' என விற்கப்படுகின்றன. ஐரோப்பியர் மாசிபத்திரி இனத்துப் பூண்டு ஒன்றைத் தலையணையுள் இட்டுத் துயில்வர். மெக்சிக்கோவில் ஒவாகாக்கா மலைநாட்டுச் சொந்தல் மக்கள் கசப்பான ஓர் இலையைக் கனவின் பொருட்டுக் குடிநீராக்கிப் பருகுவர்.

அவ்விலையை ஆராய்ந்த மெக்சிக்கோ அறிஞர் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிபு நோக்கத்தக்கது. அதனை உண்டோர்க்கு மேலோட்டமான உறக்கம் மிகுந்தது. இடையிடையே தாமே விழித்தலும் மிகுந்தது. அதனாற் கனவு கண்டதாகக் கூறுதலும் மிகுந்தது. கனவின் நடுவே விழித்தவனுக்கு அது நினைவில் நிற்கும். ஆழ்ந்துறங்கி எழுந்தவனுக்கு நில்லாது. ஆகவே அம்மூலிகை கனவை ஈன்றது என்பதினும் உறக்கத்தைக் கிழித்தது என்பதே பொருந்தும். இன்னும் வலியது கலந்தமைன் என்னும் மருந்து. பனித்துளிப்பூ இனத்துக் கிழங்குகளிற் பெறப்பட்டு, முதியோரின் மறதிநோய்க்கு மருத்துவர் கொடுப்பது. இதனைக் கொண்டு லபேர்ஜ் என்பாரும் அவர் துணைவரும் 121 பேரிடம் செய்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. நாலரை மணி உறங்கியபின் எழுந்து இம்மருந்தை 8 மில்லிகிராம் உண்டு மீண்டும் துயின்றோருள் நூற்றுக்கு 42 பேர், 'இது கனவு' என்று கனவினுள்ளேயே அறிந்தனர். வெறுங்குளிகை உண்டபோது அவ்வாறு அறிந்தோர் நூற்றுக்கு 14. ஆய்வுக்கு வந்தோர் யாவரும் முன்னரே அத்தகைய கனவிற் பெருவிருப்புடையோர் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

ஊமத்தையை இவற்றோடு ஒருங்கு வைத்தல் ஆகாது. அது நஞ்சு. உண்டவனுக்கு வாய் உலரும், கண்மணி விரியும், இல்லாத மனிதரோடு பேசுவான், தான் மயங்கினான் என்பதை அறியமாட்டான், உயிரும் போகும். பெருமான் மத்தமலர் சூடியவர் என்பது கொண்டு அதனைப் பிரசாதம்போற் பேசும் இளைஞர் உளர். ஆலகாலத்தை உண்டவரும் அவரே என்பதை அவர்க்கு நினைவூட்டுக.

இனி வினாவிற்கு வருவாம். "மூலிகை சடம், சடத்தாற் பிறந்த கனவு பொய், ஆதலால் அதிற் கண்ட முருகனும் பொய்" என்று விரைந்து விடை கூறுவார் பலர். இவ்விடை சைவருக்கு ஒவ்வாது. தனு, கரணம், புவனம், போகம் நான்கும் மாயையினின்று இறைவன் உயிர்க்குக் கூட்டியவை. அவற்றின்றி உயிர் எதனையும் அறியாது. காலையில் திருநீறணிந்து கோயிலிற் கும்பிடும்போது நாம் காணும் காட்சியும் கண் என்னும் சடக்கருவி வழியே வருவதே. சடத்தின் வழி வந்தது என்பதனால் ஒன்று பொய்யாகுமாயின், நனவிற் பெறும் அறிவு முழுதும் பொய்யாதல் வேண்டும். அவ்வாறு உலகையே கனவென்று தள்ளும் கொள்கை மாயாவாதிகட்கு உரியது. அன்றியும், இரவில் வயிறு முட்ட உண்டவனும் கனவு காண்கின்றான், காய்ச்சல் கொண்டவனும் காண்கின்றான். எந்தக் கனவுதான் உடம்பின் நிலையைச் சாராது வந்தது? ஆகவே காரணத்தைக் கொண்டு இக்கனவைத் தள்ளுதல் இயலாது.

மூலிகையாளர் பக்கத்து வாதம் இதற்கு நேர்மறுதலையானது. கனவினுள் 'இது கனவு' என்று அறிதல் துரியநிலையின் வாயில் என்பர் அவர். அவ்வறிவு உண்மையில் நிகழ்வதே என்பது ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டதுதான். 1975 இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், உறங்குபவர் ஒருவர் முன்னரே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துத் தாம் கனவென்று அறிந்ததைக் கருவிக்கு உணர்த்தினார். வியத்தற்குரியதே. ஆனால் அச்செய்தியே அது துரியம் அன்று என்பதற்குச் சான்றாகின்றது. துரியத்தில் எஞ்சுவன பிராணனும் புருடனுமே, சித்தமும் அங்கில்லை. முன்னாளிற் செய்த உடன்பாட்டை நினைந்து, ஏற்ற வேளை தெரிந்து, கண்ணை அசைத்துச் செய்தி விடுப்பவனிடம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் முழு வேலையில் நிற்கின்றன. கனவிற்குள் நனவின் கருவி சில திரும்ப வந்து கூடின என்பதற்கு மேல் அதிற் கொள்ளத்தக்கது யாதுமில்லை.

அக்கனவில் அவன் செய்வதென்ன? பறக்கின்றான், வேண்டியாரை வரவழைக்கின்றான், வேண்டாதவரை மறைக்கின்றான். சார்ந்ததன் வண்ணமாம் உயிர், அங்கே தன் விருப்பத்தையே சார்ந்து அதன் வண்ணமே ஆகின்றது. யான் எனது என்னும் செருக்கிற்கு இதனினும் வாய்ப்பான விளையாட்டரங்கு நனவில் இல்லை. நனவிலே அயலாராவது குறுக்கே நிற்பர்.

பெரியபுராணத்துக் கனவுகளை எடுத்து நோக்குக. தாம் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறித்த காடவர் கோமானுக்குப் பெருமான் கனவிலே தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்துள் நாளை யாம் புகுவோம், நீ பின்னொரு நாள் கொள் என்று பணிக்கின்றார். அரசன் விழித்துத் திருநின்றவூர் சென்று தேடுகின்றான். அங்கே கோயிலே இல்லை. அன்பர் மனத்தில் எழுப்பிய கோயில் அது என்று கேட்டறிந்து அவர் அடியில் வீழ்கின்றான். சிவகோசரியார் கனவிலும் பெருமான், வேடனின் அன்பை நாளை மறைந்திருந்து நேரே காண் என்று அவரை நனவிற்கே அனுப்புகின்றார். தண்டியடிகள் வரலாற்றில் அடிகள் கனவோடு அமையாது அரசன் கனவிலும் தோன்றுகின்றார்; ஒருவர் கனவுக்கு மற்றவர் கனவு சாட்சியாகின்றது. இக்கனவுகளுள் ஒன்றேனும் கண்டவர் அழைத்து வந்ததன்று. காடவர் கோமானுக்கு அவன் விரும்பிய நாளே மறுக்கப்பட்டது. கனவு முடிந்தபின்னரே அதன் வேலை தொடங்குகின்றது. எளியேன் பாதிரிமார் பாடசாலையில் படித்த எகிப்து மன்னன் கனவும் இத்தன்மையதே: ஏழு பசுக்களைக் கண்டதன் பெருமை, பஞ்சம் வருமுன் தானியம் சேர்த்ததில் இருந்தது.

"கனவை வேண்டிக் கோயிலிற் படுப்பார் நம்மவருள்ளும் உளரே" என்று நுண்ணறிவுடைய மாணவன் தடை நிகழ்த்துவான். நிகழ்த்த வேண்டும். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீசர் ஆலயத்திலே, கார்த்திகைக் கடை ஞாயிற்று இரவில், மகப்பேறு வேண்டும் மகளிர் சிம்ம தீர்த்தத்தில் நீராடி ஈர ஆடையோடு துயின்று கனவில் உத்தரவு பெறக் காத்திருப்பர். காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் முருகப்பெருமான் அடியார் ஒருவர் கனவில் ஒரு பொருளைக் குறிப்பிட, அப்பொருள் உத்தரவுப் பெட்டியில் வைக்கப்படும். ஆயின் கனவு கண்டேன் என்று ஒருவர் சொன்னமட்டில் அங்கே பெட்டி திறவாது; சந்நிதியிற் பூக்கேட்டு, உத்தரவு ஆனபின்னரே வைப்பர். விரிஞ்சிபுரத்தில் துயின்றவள் ஒன்றுங் காணாது வீடு திரும்புதலும் கூடும். அவள் மறுத்துப் பேசாள். வேண்டுதல் அவ்விரண்டிடத்தும் உண்டு. வராதிருக்கும் உரிமையை இறைவனிடமிருந்து பறித்தல் இல்லை. மூலிகையின் பொதியோ 'இத்தனை அளவு உண்க, இத்தனை மணிக்குப் பின் காண்பீர்' என்கின்றது.

நித்திய பூசையிலும் ஆவாகனம் செய்கின்றோமே, அதுவும் அழைத்தல் அன்றோ எனின், அழைத்தபின் ஆசனம் இட்டு, நீராட்டி, அமுதூட்டி, நாம் ஏவல் செய்கின்றோம். கனவிற்கு அழைக்கப்பட்ட பெருமான் நமக்குக் காட்சியாய் நின்று ஏவல் செய்கின்றார். வேறுபாடு அங்கே கிடக்கின்றது.

அஃதிருக்க, மூலிகை உண்ட ஒரு பிள்ளை முருகனைக் கண்டே விட்டான் எனக் கொள்வோம். அவனிடம் "நீ கண்டது பொய்" என்று கூற எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் இல்லை என்பதே எமது கருத்து. அருள் எக்கருவியையும் பற்றி வரவல்லது; புகழ்த்துணையார்க்குப் பஞ்சத்தின் பசிச்சோர்வில் வந்த துயிலிலே அது வந்தது. கேட்கத்தக்கது, "அவர் உன்னிடம் என்ன கேட்டார்?" என்பதே. சண்டையிட்ட தம்பியோடு பேசச் சொன்னாரா? விட்ட பாடத்தை எடுக்கச் சொன்னாரா? ஒன்றுமில்லை, மயில் மிக அழகாக இருந்தது, இன்றிரவும் காண வேண்டும் என்பானாயின், ஓவியம் ஒன்றைக் கண்டாய் மகனே என்று அன்போடு கூறலாம். அதற்கும் அவன் சினவாதிருந்தால் நல்ல குறி.

ஆசிரியர்மார் கருத வேண்டியது மற்றொன்று. பரீட்சைக்காலத்தில் நம் பிள்ளைகள் உறங்குவதே குறைவு. அதையும் நடுவே முறித்து மருந்துண்ணல் கற்றதைக் கெடுக்கும். வாலுழுவையாயினும் மருந்து மருந்தே. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பதற்கும், பெயரறியா வணிகன் பொதியை நள்ளிரவில் பிரிப்பதற்கும் உள்ள தூரத்தைப் பெற்றோர்க்கும் எடுத்துக் கூறுக. இரவைக் கொண்டு ஏதேனும் சாதிக்க வேண்டும் என்னும் வேகம் உடைய மாணவனைச் சிவராத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் நான்கு யாமமும் உறங்காதிருக்க முயலட்டும். மூன்றாம் யாமத்தில் அவனுக்குத் தன் கருவிகளின் வலிமை தெரியவரும்.

மாசிபத்திரி இனத்துப் பூண்டைப் பிறர் தலையணையுள் வைப்பதை மேலே கூறினோம். அவ்வினத்ததே நாம் மரிக்கொழுந்து என்று வழங்கும் தமனகம். பவித்திரத்தைப் போலவே தமனகத்தையும் சிவனுக்குச் சாத்துதற்கு ஆகமம் தனியொரு விழா வகுத்துளது; பதினோராம் நூற்றாண்டுச் சோமசம்பு பத்ததியில் அதன் முறை விரிவாக உண்டு. சித்திரைத் திங்களில் நிகழ்த்தப்படுவது. மலர்க்கடைகளில் ஒரு கொத்து வாங்கிப் பாடசாலைப் பூசைக்குக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் கூறலாம். சாத்தியபின் பிரசாதமாகப் பெற்ற ஓர் இணுக்கை எவனேனும் தலையணையடியில் வைத்து உறங்கினால், அதனைத் தடுக்க யாம் எழோம்.