வார்த்தையைப் பிடிக்கலாமா?

"பசியால் சத்தியமாய்ச் செத்தே போனேன்" என்கிறான் ஒருவன். "செத்தவன் பேசுவதெப்படி?" என்று மடக்குகிறான் மற்றவன். சிரிப்பாய்த் தொடங்கியது சண்டையாய் முடிகிறது. யார் பக்கம் நியாயம்?

ஆங்கிலம் பேசுவோர் நடுவிலும் இதே வழக்கு உண்டு. "எழுத்தின்படி, மெய்யாகவே" என்று பொருள்படும் "லிட்டரலி" என்னும் வார்த்தையை, மெய்யாக நடவாததை மிகைப்படுத்திச் சொல்லவும் அநேகர் வழங்குகிறார்கள். 1839-ல் நூலாக வெளிவந்த நாவலில் டிக்கன்ஸும், 1876-ல் மார்க் ட்வெயினும் அப்படியே எழுதினார்கள். 1909-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இவ்வழக்கைப் பதிவு செய்தது. ஆயினும் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இப்பொருள் இடம் பெற்றிருப்பது 2013-ல் செய்தியானபோது, மொழியே கெட்டதென்று பலர் கொதித்தெழுந்தார்கள். அகராதி சட்டம் இயற்றுவதில்லை. ஜனங்கள் பேசுவதற்குச் சாட்சி சொல்கிறது, அவ்வளவே.

அப்படியானால் மிகையாய்ச் சொல்வது பொய்யா? அல்ல. பொய்யென்பது பிறரை ஏமாற்றும் கருத்தோடு சொல்வது. "செத்தேன்" என்றவன் எவரையும் ஏமாற்றவில்லை. கேட்டவனுக்கும் கருத்து விளங்கிற்று. விளங்கியும் விளங்காதவன்போல் மடக்குகிறவனே உண்மைக்கு மாறாக நடிக்கிறான்!

ஆனால் பேசுகிறவனுக்கும் ஒரு கடமையுண்டு. தலைவலிக்கும் "செத்தேன்", கொசுக்கடிக்கும் "செத்தேன்" என்று தினமும் சொல்கிறவர், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னால் வீட்டார் எழுந்து வருவார்களா? "சத்தியமாய்" என்பதைக் கத்தரிக்காய் பேரத்தில் செலவழித்துவிட்டவன், சாட்சிக் கூண்டில் ஏறும்போது எந்த வார்த்தையைத் தேடுவான்?

லாசர் இறந்தபோது, அவர் நித்திரை செய்வதாகச் சேசுநாதர் சொன்னார். சீடர்கள் அதைச் சாதாரணத் தூக்கமென்றே எண்ணினார்கள். அவர் அவர்களுடைய அறியாமையைப் பழிக்கவில்லை. "நான் சொன்னது உருவகம்" என்று வாதாடவுமில்லை. லாசர் இறந்துவிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர்களையும் உடன் அழைத்தார். வார்த்தையைக் காட்டிலும் ஆட்கள் அவருக்குப் பெரிதாயிருந்தார்கள்.

ஆகையால், பிறர் வார்த்தையைப் பிடிக்க நமது நா துடிக்கும்போதெல்லாம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: எனக்கு மெய்யாகவே விளங்கவில்லையா? விளங்கவில்லையென்றால் அன்போடு கேட்டுத் தெரிந்துகொள்வோம். விளங்கியிருந்தால், நாம் திருத்தப் போவது வார்த்தையையல்ல. ஒரு மனிதனைத் தலைகுனியச் செய்யப் போகிறோம்.