போகவும் இருக்கவும்

மகனை 'ஊர்சுற்றி' என்று சொல்லும்போது நம் வீடுகளில் அதில் கொஞ்சம் செல்லமும் கலந்திருக்கும். மகளைச் சொன்னால் அது வசை. 'நாடோடி' என்ற சொல்லும் அப்படித்தான். ஆண் கவிஞன் தன்னை நாடோடி என்று அறிவித்துக்கொண்டால் அது தத்துவம். பெண் சொன்னால், வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரிப்பார்கள். இலக்கணம் இதை எப்போதோ எழுதிவிட்டது. கடல் கடந்து செல்லும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். சங்கப் பாடல்களிலோ விறலியும் பாடினியும் காடும் மலையும் கடந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். பசிக்காக நடக்கும் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. தன் விருப்பத்துக்கு ஊர் ஊராகப் போக நினைத்த ஔவை, மக்கள் சொல்லும் கதையில், அதற்கு முதலில் கிழவியாக வேண்டியிருந்தது.

பதினோரு ஆண்டுகளாக நான் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்கிறேன். கோலாலம்பூரில் ஒப்பந்த அடிப்படையில் தமிழ் கற்பிக்கிறேன். விடுமுறை வந்தால் சியாங் மாயிலோ ஜார்ஜ் டவுனிலோ ஹனோயிலோ அறை எடுத்துத் தங்கி எழுதுகிறேன். இந்த வாழ்க்கை எனக்குத் தந்ததைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. மதுரையில் தனியாக வீடு தேடியபோது உரிமையாளர்கள் கேட்ட முதல் கேள்வி, "சார் என்ன பண்றாரு?" இரண்டாவது கேள்வி சாதியைச் சுற்றி வளைத்துத் தேடுவதாக இருக்கும். கோலாலம்பூரில் கேட்டது இரண்டு மாத வாடகை முன்பணம் மட்டும். அந்நியளாக இருக்கும் இடத்தில் நான் யாருக்கும் மருமகள் இல்லை. எந்தக் குடும்பத்தின் மானமும் என் உடலில் ஏற்றி வைக்கப்படவில்லை. இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்துபோய் நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்புவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேரில்லாமல் வாழ்வது பொறுப்பற்ற வாழ்க்கை என்று சொல்பவர்கள் உண்டு. யாருக்கும் கடன்படாமல் கடந்துபோகிறவருக்கு அறம் எங்கே இருக்கும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி என்னை உறுத்தியதில்லை. வேர் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பிறர் நம்மைக் கட்டிவைக்கும் கயிறாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என்னை உறுத்துவது வேறு.

என் குடியிருப்பில் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த ஒரு பெண் வேலை செய்கிறார். மின்தூக்கியில் அடிக்கடி சந்திப்போம். என்னைக் 'காக்' என்பார், அக்கா என்ற பொருளில். நான் தட்டுத்தடுமாறி மலாய் பேசுவேன். ஹாங்காங்கில் நான்கு ஆண்டுகள், தைவானில் மூன்று ஆண்டுகள், இப்போது இங்கே. காண்டனீஸ் பேசுவார், மாண்டரினும் பேசுவார். கடல் கடந்த கணக்கிலும் கற்ற மொழிகளின் கணக்கிலும் என்னைவிடப் பெரிய பயணி. ஆனால் அவரை நாடோடி என்றோ உலகம் சுற்றியவர் என்றோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் 'மேய்டு'. நான் 'எக்ஸ்பாட்'.

இந்த வேறுபாட்டைச் சட்டமே செய்கிறது. மலேசியக் குடிநுழைவுத் துறையில் என்னைப் போன்றவருக்கு ஒரு வகை அனுமதி, 'அந்நியத் தொழிலாளர்' என்பவருக்கு வேறொரு வகை அனுமதி. முதல் வகையில் குறிப்பிட்ட நிலைக்கு மேல் இருப்பவர் குடும்பத்தை அழைத்து வரலாம். இரண்டாம் வகையில் குடும்பத்துக்கு இடமில்லை. இங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் வேலைக்குத் தகுதியற்றவள், ஊருக்குப் போக வேண்டியதுதான். என் கருப்பை என் சொந்த விஷயம், அவருடையது விசாவின் நிபந்தனை. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 'வீட்டு வேலைக்காரர்' என்றிருந்ததை 2023 முதல் 'வீட்டுப் பணியாளர்' என்று மாற்றினார்கள். வார விடுமுறை, வேலை நேரம், மகப்பேறு ஆகியவற்றுக்கான பாதுகாப்பிலிருந்து அவர்களை விலக்கும் அட்டவணை அப்படியே இருந்தது. சொல் ஆராய்ச்சி என் தொழில். சொல் மாறினால் வாழ்க்கை மாறும் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

ஹாங்காங்கில் பொதுவாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாழும் வெளிநாட்டவர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். 1986 முதல் அங்கே வேலை செய்த ஒரு பிலிப்பினோப் பெண் அதைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2013இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. வீட்டுப் பணியாளர் ஒரே முதலாளியிடம் கட்டுண்டவர், ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டியவர்; எனவே அவர் தங்கியிருப்பது சட்டத்தின் பொருளில் 'வாழ்தல்' ஆகாது என்பது வாதம். முதலில் கட்டுப்பாடுகளை விதித்துவிட்டு, அந்தக் கட்டுப்பாடுகளையே காரணமாகக் காட்டி, கால் நூற்றாண்டு அந்த ஊரில் உழைத்தவர் அங்கே வாழவில்லை என்று முடிவுசெய்தார்கள்.

வேறொரு பக்கம், மடிக்கணினியோடு வருபவரை ஆசிய நாடுகள் போட்டி போட்டு அழைக்கின்றன. தாய்லாந்து 2024இல் ஐந்தாண்டு விசா ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஐந்து லட்சம் பாட் கையிருப்பைக் காட்டினால் ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். சியாங் மாயில் அப்படி வந்தவர்களின் அறைகளைச் சுத்தம் செய்பவர்களில் மியன்மாரின் ஷான் பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்த பெண்கள் பலர். ஒரே அறை. ஒருவருக்கு அது சுதந்திரத்தின் இடம், மற்றவருக்கு அனுமதிச்சீட்டு காலாவதியாகுமோ என்ற பயத்தின் இடம்.

நம் நாட்டையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாத இந்தியரின் கடவுச்சீட்டு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உள்ளிட்ட பட்டியலில் ஒரு நாட்டுக்கு அந்தக் கடவுச்சீட்டோடு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, செவிலியர் நீங்கலாக, 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெண்ணைப் பாதுகாக்கவே இந்த விதி என்கிறார்கள். படிப்பு இருந்ததால் எனக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. கடல் கடக்க வயது முதிர வேண்டும் என்ற ஔவையின் நிபந்தனை இன்று ஏழைப் பெண்ணுக்கு மட்டும் மிச்சமிருக்கிறது.

ஒரு தோழி கேட்டாள்: "ஊர் ஊராகச் சுற்றிய எந்த ஆணிடமாவது, உன் சட்டையைத் துவைத்தது யார் என்று யாராவது கேட்டார்களா? ஒரு பெண் வெளியே வந்தவுடன் அவள் தலையில் குற்றவுணர்வை ஏற்றி வைக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. ஆண்களிடம் கேட்காததுதான் தவறு என்பது என் பதில். குற்றவுணர்வு யாருக்கும் சோறு போடாது. கணக்குப் பார்ப்பது வேறு. வீட்டில் அம்மாவின் உழைப்பு கணக்கில் வரவில்லை என்று சொல்லித்தான் நாம் பெண்ணியத்துக்குள் வந்தோம். இன்னொரு நாட்டில், இன்னொரு பெண்ணின் உழைப்பை அதே மாதிரி கணக்கில் விட்டுவிட்டால், நாம் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

சுதந்திரத்தைக் கடந்த தூரத்தால் அளக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். தூரத்தால் அளந்தால் அந்த ஜாவாப் பெண் என்னைவிடச் சுதந்திரமானவர். பிடிக்காத வேலையை விட முடியுமா? விட்ட பிறகும் அந்த ஊரில் இருக்க முடியுமா? வேண்டும்போது வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா? இந்த மூன்றுக்கும் 'முடியும்' என்று பதில் இருந்தால் அது பயணம். எனக்கு இவற்றில் இரண்டு உண்டு. நடுவில் உள்ளது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அவருக்கு ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து செய்ய வேண்டியவை பெரிய தத்துவம் எதையும் கோரவில்லை. பிறர் கடவுச்சீட்டை வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படி குற்றம்; பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறாரா என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்கலாம். நான் கேட்டேன், கூட்டம் சங்கடமாகி முடிந்தது. வந்த ஊரின் மொழியைக் கற்கலாம், உணவகத்தில் பேரம் பேச மட்டுமல்ல, அங்குள்ள பெண் சொல்வதைக் கேட்கவும். வெளிநாடு போக வேண்டும் என்று என்னிடம் வரும் மாணவிகளிடம், போ என்றுதான் சொல்கிறேன். கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டாம். போகும் ஊரில் உன் அறையைப் பெருக்கும் பெண்ணின் பெயரைக் கேள். அவள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள் என்று கேள். எங்கும் போவதில்லை என்றால், ஏன் என்று கேள்.