பிறக்காத குட்டிகளுக்கு ஒரு கல்

ஜப்பானின் யமகுச்சி மாகாணத்தில், நகாத்தோ நகரைச் சேர்ந்த ஓமிஜிமா தீவில் கயோய் என்றொரு மீனவர் ஊர். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கருங்கல் நிற்கிறது. 1692-இல் நட்டது. பிடிபட்ட தாய்த் திமிங்கலங்களின் வயிற்றிலிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் அதன் பின்னால் புதைந்திருக்கின்றன.

திமிங்கலம்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. படகுகள் சூழ்ந்து வலைக்குள் விரட்ட, ஈட்டிகள் பாயும். ஒன்று சிக்கினால் ஏழு ஊர் செழிக்கும் என்பது ஜப்பானியப் பழமொழி. எண்ணெயை நெல்வயல் தண்ணீரில் ஊற்றிப் பூச்சிகூடக் கொன்றார்கள்.

ஆனால் பௌத்தத்தின் முதல் சீலமே கொல்லாமை. கொன்றால்தான் அடுப்பு எரியும் என்றிருப்பவன் எங்கே போவான்? ஜோதோ பிரிவை நிறுவிய ஹோனென் 1207-இல் நாடுகடத்தப்பட்டுப் போகும் வழியில், தகாசாகோ என்ற துறையில் ஒரு கிழ மீனவரும் மனைவியும் இதையே அவரிடம் கேட்டதாக அவரது வரலாறு சொல்கிறது. அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லுங்கள், போதும் என்றாராம். வலையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை.

கயோயின் கோகன்ஜி கோயிலும் ஜோதோ வழியில் வந்ததுதான். இறந்த மனிதருக்குச் சூட்டுவது போலவே திமிங்கலங்களுக்கும் மறுமைப் பெயர் சூட்டி அங்கே ஏட்டில் பதிந்தார்கள். கல்வெட்டு சிசுக்களையே பார்த்துப் பேசுகிறது: உங்களைக் கொல்வது எங்கள் எண்ணமில்லை, கடலில் விட்டாலும் தனியே பிழைக்க மாட்டீர்கள், புத்தரின் அருளில் கரையேறுங்கள் என்ற பொருளில்.

பாதி மன்னிப்பு, பாதி வக்கீல் வாதம். தாயைக் கொன்றது யார் என்ற கேள்வியை அது லாவகமாகத் தாண்டிப்போகிறது. கல் நட்ட பிறகும் இருநூறு ஆண்டுக்கு மேல் வேட்டை நின்றபாடில்லை. சடங்கு ஈட்டியின் கனத்தைக் குறைத்தது என்று ஒருவர் குற்றம் சாட்டினால் மறுப்பது கடினம். ஆனாலும், வெறும் சரக்கு என்று நினைத்தவன் அதற்குப் பெயர் சூட்டியிருக்க மாட்டான். உறுத்தல் உண்மையானது, தொழிலை நிறுத்தும் அளவுக்கு அது வளரவில்லை, அவ்வளவுதான்.

அதே மாகாணத்தின் ஷிமோனோசெகி ஃபுகு மீனுக்குப் பேர்போனது. ஏப்ரல் கடைசியில் அந்த மீனுக்கும் சாந்திப் பூஜை உண்டு. சிலவற்றைக் கடலில் விடுகிறார்கள். கயோயில் வேட்டை நின்று நூறாண்டு தாண்டியும் திமிங்கலங்களுக்கான பூஜை தொடர்கிறது. ஷிமோனோசெகியிலிருந்தோ 2024-இல் கங்கெய் மாரு என்ற புத்தம்புதிய திமிங்கல வேட்டைக் கப்பல் புறப்பட்டது.