மொழிபெயர்ப்பும் ஓர் அமானிதமே

'ரிபா' என்ற சொல்லைக் கேட்ட அளவில் நாம் வட்டி என்றே பொருள் கொள்வோம். மதரஸாவில் ஓதும் சிறுவனும் அது விலக்கப்பட்டது என்பதை அறிவான். ஆனால் நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ நகரச் சந்தையில், ஒரு வணிகர் தமக்கு இவ்வாண்டு நல்ல 'ரிபா' கிடைத்ததாகச் சொன்னால் எவரும் திடுக்கிடமாட்டார். அவர்கள் பேசும் ஹௌசா மொழியில் இலாபம் என்பதே அச்சொல்லின் அன்றாடப் பொருள். வங்கி வாங்கும் வட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'குடின் ருவா'. 'குடி' என்றால் பணம். 'ருவா' என்றால் தண்ணீர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தண்ணீர்ப் பணம்'! அதே ஊர்ப் பள்ளிவாசலில் ஆலிம் ஒருவர் 'ரிபா ஹராம்' என்று உரையாற்றும்போது, கேட்போர் அதை வட்டி என்று சரியாகவே உணர்ந்துகொள்கின்றனர். ஒரே சொல், சந்தையில் ஆகுமானதாகவும் பள்ளியில் ஆகாததாகவும் நிற்கிறது.

சொற்கள் இவ்வாறு பொருள் விரிவது மொழிகளின் இயல்பு. அதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் இவ்விரு பொருள்களுக்கும் நடுவே ஒருவர் எழுதுகோலுடன் அமர நேரும்போது அங்கே ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. அவர்தாம் வங்கிகளின் பத்திரங்களை ஹௌசாவில் பெயர்த்தெழுதும் மொழிபெயர்ப்பாளர்.

ஹௌசா கோடிக்கணக்கான மக்களின் மொழி. ஆயினும் நைஜீரியாவில் ஆட்சியும் வங்கியும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றன. அண்டை நாடான நைஜரில் அவ்விடத்தைப் பிரெஞ்சு மொழி பெற்றிருந்தது. அந்நாடு 2025-ஆம் ஆண்டில்தான் ஹௌசாவைத் தேசிய மொழியாக அறிவித்தது. நாம் அரபுத் தமிழ் எழுதியதுபோல் ஹௌசா மக்களும் தம் மொழியை நெடுங்காலம் அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அதனை 'அஜமி' என்பர். நைஜீரியப் பணத்தாள்களிலும் அஜமி இடம்பெற்றிருந்தது. 2007-இல் வெளிவந்த புதிய 5, 10, 20, 50 நைராத் தாள்களிலிருந்து அது நீக்கப்பட்டு, இலத்தீன் எழுத்தில் ஹௌசா அச்சிடப்பட்டது. கையிலுள்ள பணத்தின் எழுத்தே மாறும் நாட்டில், கடன் ஒப்பந்தமும் காப்பீட்டு விதியும் எளியவருக்கு எட்டுவது மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். எனவே இது இன்று ஒரு தொழில். சொல்லுக்கு இவ்வளவு எனக் கூலி பேசிச் செய்யப்படும் தொழில்.

கூலி தருவது வங்கி. நம்பிப் படித்துக் கையொப்பமிடுபவர் கடன் வாங்கும் வணிகர். அப்படியானால் மொழிபெயர்ப்பாளரின் கையிலுள்ள அமானிதம் யாருக்கு உரியது?

கூலி தருபவருக்கே உரியது என்பார் உண்டு. அவர்கள் வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. மொழிபெயர்ப்பாளர் முஃப்தியும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். மூலத்தில் இல்லாத எச்சரிக்கையைத் தாமே சேர்த்து எழுதுவாரானால், நன்மை நாடிச் செய்தாலும் அது நம்பிக்கை மோசடியே ஆகும். உள்ளதை உள்ளபடி பெயர்ப்பதோடு அவர் கடமை முடிந்தது என்பர்.

ஆனால் 'உள்ளபடி' என்பது யாது? ஆங்கிலத்தில் வட்டி என்றிருக்குமிடத்தில் ஒருவர் 'ரிபா' என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். மார்க்க வழக்கின்படி அது பிழையன்று. ஆனால் சந்தை வணிகர் அதை இலாபம் என்று படிக்கக்கூடும். தமக்கு இலாபம் வந்தால் அதில் வங்கிக்கும் ஒரு பங்கு, வராவிட்டால் ஒன்றுமில்லை என அவர் எண்ணிவிடலாம். இனி மறுபுறம் பார்ப்போம். நைஜீரியாவில் 2012-இல் வட்டியற்ற முழு வங்கியாக ஜாயிஸ் வங்கி பணி தொடங்கியது. அத்தகைய வங்கியொன்றின் படிவத்தில் ஆகுமான வாணிப இலாபத்தை வெறுமனே 'ரிபா' என்று எழுதினால், இறையச்சமுடைய ஒருவர் அதை வட்டியென எண்ணி விலகிச் செல்லக்கூடும். ஒரே சொல் ஒருவரைச் சிக்க வைக்கிறது, மற்றவரை விரட்டிவிடுகிறது.

இத்தகைய பிழைகளைத் தடுக்க இத்தொழிலில் ஒரு முறை உண்டு. பெயர்த்ததை வேறொருவரிடம் தந்து மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவர். விடுபட்ட வரிகளையும் தவறிய எண்களையும் கண்டுபிடிக்க அது நல்ல வழியே. ஆனால் இரண்டாமவரும் 'ரிபா'வை மார்க்க வழக்கில் கொண்டு 'வட்டி' என்றே எழுதிவிட்டால் ஏடுகள் இரண்டும் ஒத்துப்போகும். படிப்பவர் உள்ளம் மட்டும் ஒத்துப்போகாது!

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரு மொழிகளில் அமையும் ஒப்பந்தங்களில், முரண் தோன்றினால் ஆங்கில ஏடே செல்லும் என்ற விதியைச் சேர்ப்பது பெருவழக்கு. வங்கிக்கு மூலம் தெரியும். சரிபார்க்க ஆட்களும் உண்டு. வணிகருக்கோ பெயர்ப்பைத் தவிர வேறு கண் இல்லை. பிழை நேர்ந்தால் இழப்பு அவர்மீதே விழும். கூலி ஒருவரிடமிருந்து வரலாம். அமானிதமோ, சரிபார்க்க இயலாமல் நம்புகிறவருக்கே உரியது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம் (2:282). எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டுமென அது பணிக்கிறது. வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடன் கொடுத்தவருக்கு அளிக்காமல் கடன்பட்டவருக்கே அளிக்கிறது. அவருக்கு இயலாதெனில் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது. இன்றைய வங்கியிலோ கடன் கொடுப்பவரே வாசகத்தை அமைக்கிறார். வாங்குபவர் கையொப்பம் மட்டும் இடுகிறார். அந்த மேசையில் வாங்குபவரின் மொழியோடு அமர்ந்திருப்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே.

இதனால் அவர் கடனாளிக்குச் சார்பாக எழுத வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில் படிப்பவர் எவ்விடத்தில் தயங்குவாரோ அவ்விடத்தில் ஹௌசாவில் படிப்பவரும் தயங்க வேண்டும். அவர் அஞ்சத் தேவையில்லாத இடத்தில் இவரும் அஞ்சலாகாது. வட்டியைக் 'குடின் ருவா' என்றே எழுதுவதும், இலாபத்தை 'ரிபா' என்னும்போது அது வாணிபத்தில் வருவது என்று விளங்க வைப்பதும் இந்த அளவுக்குள் அடங்கும். மூலமே பூசிமெழுகியிருந்தால் பழி மூலத்தை எழுதியவருக்கு. மூலத்தில் தெளிவாயிருப்பதைப் பெயர்ப்பில் மழுப்பித் தரும்படி வங்கி கேட்டால், கூலியைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து வருவதே நேர்மை.

ஹௌசா உரைநடையின் முன்னோடியான அபூபக்கர் இமாம் 1930-களில் எழுதிய கதைத்தொகுதியின் பெயர் 'மகானா ஜாரி சே'. பேச்சு ஒரு முதல் என்பது அதன் பொருள். 1939-இல் தொடங்கி அவர் ஆசிரியராயிருந்த ஹௌசா செய்தித்தாளின் பெயரோ, உண்மை காசினும் மேலானது என்று பொருள்படும். பேச்சு முதல்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கையிலுள்ள முதல் அவருடையதன்று. பிறர் நம்பி ஒப்படைத்தது. அதைக் குறையாமல் உரியவரிடம் சேர்த்த பிறகே அவர் பெறும் கூலி அவருக்கு ஹலாலாகும்.