எத்தனை சாட்சி போதும்?

லால்குடி சப்தரிஷீசுவரர் ஆலயத்தை அடுத்த கடைவீதியில், ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கவுளிகளின் அருகே புகையிலைப் பொட்டலங்களைக் காணும்போதெல்லாம், புகையிலை மெல்லும் பழக்கமே வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்று சொல்ல எத்தனை பேரை விசாரிக்க வேண்டும் என்ற தர்க்க விசாரமே என் சித்தத்தை ஆட்கொள்கிறது.

மண்ணின் பாற்பட்ட பொருள்கள் இரும்பால் கீறப்படுவதை நூறு முறை கண்டாலும், வைரம் ஒன்று அந்நியதியை முறித்துவிடும் என்று தர்க்கசங்கிரக தீபிகை என்னும் நியாய நூலில் அன்னம்பட்டர் எச்சரித்தார். 1950-ல் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் வெளியிட்ட லண்டன் ஆய்விலோ, நுரையீரல் புற்றுநோயுற்ற 649 ஆடவருள் புகைபிடிக்காதவர் 2 பேர். அந்நோயற்ற 649 பேருள் 27 பேர். அவ்விருவரும் வைரங்களே, எனினும் முடிவு சிதையவில்லை, ஏனெனில் அங்கே தேடப்பட்டது விலக்கற்ற வியாப்தியன்று, அதாவது மாறாத உடனிகழ்வன்று, நிகழ்தகவின் ஏற்றத்தாழ்வே.

நோயற்றோரிடை அப்பழக்கம் எவ்வளவு பரவியுள்ளது என்பதை உலகம் நிர்ணயிக்கிறது. எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காண விழைகிறோம், எவ்வளவு பிழையைச் சகிப்போம் என்பவற்றை நாமே நிர்ணயிக்கிறோம். விசாரிக்க வேண்டியோரின் எண்ணிக்கை இம்மூன்றிலிருந்தே பிறக்கிறது. புண்பட்ட வாயைத் திறந்து வேதனையோடு விடை சொல்பவரை, எதையும் நிலைநாட்ட இயலாத சிற்றாய்வுக்காக வருத்துவது அதர்மம் என்றே கருதுகிறேன். நோயாளிகள் அரிதெனில் ஒருவருக்கு நால்வர் வரை நோயற்றோரைச் சேர்க்கலாம்; அதற்கு மேல் சேர்ப்பதால் விளையும் பயன் சொற்பமே.