நடுவில் போட்ட கோடு

அண்ணன் மகள் அனிமேஷன் படிக்கிறாள். போன ஞாயிறு என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து அடோபி அனிமேட்டில் பாடம் நடத்தினாள். 1996-ல் ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் என்று பிறந்து, ஃப்ளாஷ் என்று உலகம் சுற்றி, 2016-ல் இந்தப் பெயருக்கு வந்த மென்பொருள்.

‘‘சித்தப்பா, இதுதான் டைம்லைன். கட்டம் கட்டமா இருக்கிறது ஃப்ரேம். ஒண்ணாவது ஃப்ரேம்ல பந்தை இந்த ஓரத்துல வைக்கிறேன். 24-வது ஃப்ரேம்ல அந்த ஓரத்துல. ரெண்டும் கீ ஃப்ரேம். நடுவுல 22 ஃப்ரேமையும் அதுவே போட்டுக்கும். இதுக்குப் பேர் ட்வீன்.’’

க்ளிக்கினாள். பந்து நேர்கோட்டில் ஓடியது.

கையால் வரைந்த காலத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். இடையில் வருவதை ‘இன்பிட்வீனர்’ எனும் உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். பந்து வழியில் எங்கே எகிறும், எங்கே தயங்கும் என்று மனுஷன் யோசிப்பான். மென்பொருளுக்கு நாம் சொல்லாவிட்டால் நேர்கோடுதான்.

எனக்குச் சுருக்கென்றது. 1998-ல் ஒரு நண்பன், தங்கை கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கினான். ‘‘மூணே மாசம்டா!’’ முதல் கீ ஃப்ரேம். 2000-ல் ரங்கநாதன் தெருவில் என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் நழுவினான். இரண்டாவது கீ ஃப்ரேம். நடுவில் இருந்ததை நானே நிரப்பிக்கொண்டேன்: ஏமாற்றுக்காரன். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

அந்த இரண்டு வருஷத்தில் அவனுக்கு வேலை போய், மனைவிக்கு டயாலிசிஸ் நடந்தது அவன் இறந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் கடனைத் தராதது சரியாகிவிடுமா? ஆகாது. நான் பார்த்த இரண்டு ஃப்ரேமும் பொய்யில்லை. நடுவில் போட்ட கோடுதான் பொய்.

‘‘இங்க பாருங்க சித்தப்பா, லேயர். இந்தக் கண் படத்தை அழுத்தினா அந்த லேயர் மறைஞ்சிடும். ஆனா ஃபைல்ல இருக்கும்’’ என்றாள்.

மனிதர்களை எடைபோடாமல் வாழ முடியாதுதான். கடன் கொடுக்கணும், பெண் கொடுக்கணும், ஓட்டுப் போடணும். ஆனால் தீர்ப்பை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்டுக்கொள்ளலாம்: நான் நேரில் பார்த்தது எத்தனை ஃப்ரேம்?

அவன் மகன் இதே ஊரில்தான் இருக்கிறான். போய்ப் பார்க்கவேண்டும். ‘உங்கப்பாவைப் பத்தித் தப்பா சொல்லிட்டுத் திரிஞ்சேன் தம்பி’ என்பதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.