புதிய ஊரும் அஞ்சும் உரிமையும்

மனிதன் ஊர் மாறும்போது அவனுக்கு முன்னரே அவனுடைய அச்சம் அவ்வூரிற் போய் இறங்கிவிடுகிறது. மைய அரசின் பணியில் இருப்போர் இதனை நன்கு அறிவர். இடமாற்ற ஆணை கைக்கு வந்த மாலையிலேயே வீட்டில் வினாக்கள் எழத் தொடங்கும். முன்னாளில் அவ்வினாக்கள் தண்ணீர், பள்ளிக்கூடம், வாடகை, அரிசி விலை என்ற அளவில் நின்றன. இன்றோ, “அங்கே நிலநடுக்கம் வருமா? அணை எவ்வளவு தொலைவு? மழைக்காலத்தில் எந்தத் தெரு மூழ்கும்?” என்று கேட்கின்றனர். இவ்வாறு கேட்பது கோழைமையா, அறிவுடைமையா, அன்றி இரண்டுமல்லாத வேறொன்றா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அச்சம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வீரத்தைப் பாடிய மொழிக்கு உரியவர்கள் அல்லவா நாம்! ஆயினும் வள்ளுவர் அச்சத்துக்கு அறிவுடைமை என்னும் அதிகாரத்திலேயே ஓரிடம் தந்திருக்கிறார். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. ஊர் அழியக்கூடும் என்ற நினைவு தமிழர்க்குப் புதிதன்று. ஆகவே, அஞ்சலாமா கூடாதா என்பதன்று வினா. எதற்கு அஞ்சுவது, அவ்வச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே வினா.

அமெரிக்க நாட்டின் ஒக்லகோமா மாநிலத்தில் மூர் என்றோர் ஊர் உண்டு. 1999 மே 3 அன்று பெருஞ்சுழற்காற்று ஒன்று அவ்வூரை உழுதுவிட்டுப் போயிற்று. 2013 மே 20 அன்று மீண்டும் ஒன்று வந்து, பள்ளிக்கூடங்களையும் இடித்துத் தள்ளி, 24 உயிர்களைக் கொண்டது. இது நம் கடற்கரையைத் தாக்கும் புயல் போன்றதன்று. கடற்புயல் நூற்றுக்கணக்கான கல் பரப்புடையது; நாட்கணக்கில் முன்னறிவித்து வருவது. சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கைபோல் இறங்கித் தரையைத் தொடுவது. அதன் தடம் பெரும்பாலும் சில நூறு அடி அகலமே. எச்சரிக்கைக்குக் கிடைப்பதோ சில நிமிடங்களே. ஒரு தெரு தரைமட்டமாகிவிட, அடுத்த தெருவில் கொடியிற் காயும் துணி காய்ந்தபடியே இருப்பதும் உண்டு. நம் நாட்டுக்கும் இது முற்றும் அயலானதன்று. 1978 மார்ச்சு 17 அன்று தில்லியின் வடபகுதியில் இத்தகைய காற்று வீசி 28 பேர் மாண்டனர். வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வீசியதில் இறந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

மூர் மக்கள் அதே மண்ணில் மீண்டும் வீடு கட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால், “அங்கே போய் ஏன் வாழ்கிறார்கள்?” என்று நம்மவர் வியக்கின்றனர். நாகப்பட்டினத்தைக் குறித்து அவர்களும் அதே சொற்களைச் சொல்லக்கூடுமன்றோ? 2004 திசம்பர் 26 அன்று அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அங்கும் மக்கள் வாழத்தான் செய்கின்றனர். பிறந்த ஊரின் கேடு நமக்கு வெறும் பருவநிலை. பிறர் ஊரின் கேடோ பேரிடர். நாகையிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வருபவர் கண்ணம்பாடி அணையை எண்ணித் துயிலாதிருப்பதும், மைசூரிலிருந்து நாகைக்குச் செல்பவர் கடலை எண்ணித் துயிலாதிருப்பதும் நாம் கண்டவையே. அணை உடைந்தால் மைசூர் என்னாகும் என்று கேட்பவருக்கு ஒன்று சொல்லலாம். நகரம் மேட்டில் இருக்கிறது. காவிரி அதனுள் புகாமல் சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போய்விடுகிறது. அணையின் பெயர் பெரிதாகையால் அச்சமும் பெரிதாயிற்று, அவ்வளவே. இப்படி அஞ்சுவோரே பெங்களூர்ச் சாலையில் இருசக்கர வண்டியிற் பின்னால் குழந்தையை அமர்த்தி, தலைக்கவசமின்றி விரைகின்றனர். நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். இவ்வெண்ணிக்கை எந்த மனைவியையும் இடமாற்ற நாளன்று அழவைத்ததாக நாம் அறியோம்.

அப்படியானால் வரைபடத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்துகொள்வோம் என்பர் சிலர். ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில், கடலிலிருந்து வெகு தொலைவில், 2002-ஆம் ஆண்டின் நிலநடுக்க வரைபடத்தில் மிகத் தாழ்ந்த இடர்ப் பகுதியில் அமைந்த மைசூர் இவ்வகையில் விரும்பத்தக்கதே. (அம்மலைமேல் கோயில் கொண்ட அன்னையின் அருள் என்பாரை நாம் மறுக்கப் போவதில்லை, ஆனால் 2021-இல் பெருமழையால் அம்மலையிலேயே நந்திக்குச் செல்லும் சாலை சரிந்து வீழ்ந்ததையும் மறத்தற்கில்லை.) வரைபடத்தை முழுதும் நம்பலாமா என்பதற்கு இலாத்தூர் சான்று. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணியளவில் மராட்டியத்தின் கில்லாரியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அந்நாள்வரை வழங்கிய வரைபடத்தில் அவ்வூர் மிகக் குறைந்த இடருடைய பகுதியிலேயே இருந்தது. அதன் பின்னரே வரைபடத்தை மாற்றி வரைந்தார்கள். அவர்களைக் கொன்றது நிலமும் அன்று. கனத்த கருங்கற்களை மண்ணால் அடுக்கிய சுவரும், அதன்மேல் ஏற்றிய தடித்த மண் கூரையுமே. வெயிலுக்குக் குளிர்ச்சி தருவதென அவர்கள் கட்டிக்கொண்ட வீடு அது. ஊரைக் கேட்பதற்கு முன் சுவரைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஏழைக் குடியானவன் சுவரைக் கேட்டு என்ன செய்வான்?

இவ்விடத்தில்தான் நம் வினா வேறு முகம் கொள்கிறது. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு, பெருமழையில் மலைச்சரிவு இறங்கித் தேயிலைத் தொழிலாளர் உறங்கிய லயங்களின்மேல் வீழ்ந்தது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர், கயத்தாற்றுப் பக்கத்துக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அவர்தம் முன்னோரும் பிழைப்புக்காகவே ஊர் மாறினர். மலை நிற்குமா சரியுமா என்று கேட்டு, விடை கிடைக்காவிடில் வேறிடம் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததா? லயம் எங்கே கட்டப்பட்டதோ அங்கே படுத்தார்கள். 2024 சூலை 30 அன்று விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நேர்ந்ததும் இதனை ஒத்ததே. நாம் வாடகை வீட்டை நான்கு முறை பார்த்து, மாடியா தரைத்தளமா, வடிகால் எங்கே என்று ஆய்ந்து முன்பணம் கொடுக்கிறோம். இவ்வாறு ஆராய்ந்து அஞ்சுவது ஓர் உரிமை. உலகில் மிகப் பலருக்கு அவ்வுரிமை வழங்கப்படவில்லை. அவர்கள் அஞ்சாதிருப்பதைக் கண்டு, “பழகிவிட்டார்கள், துணிச்சல்காரர்கள்” என்று புகழ்வது நமக்கு எளிது. அப்புகழ்ச்சி நம் மனச்சான்றைத் துயில வைக்கும் தாலாட்டே எனலாம்.

தனி ஒருவனின் அச்சம் ஓடத்தான் கற்றுத்தரும். பலருடைய அச்சம் கூடும்போது வேறொன்று விளையக் காண்கிறோம். இம்மைசூரே அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் இங்கு வந்தபோது வசதியுடையோர் ஊரைவிட்டு அகன்றிருக்கக்கூடும். ஆனால் அரசு 1903-இல் நகர மேம்பாட்டு அறக்குழு ஒன்றை நிறுவிற்று. நெரிந்து கிடந்த பழைய குடியிருப்புகளுக்கு மாற்றாக அகன்ற தெருக்களும், வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகளும் உடைய புதிய பேட்டைகள் எழுந்தன. இன்று நாம் மாலையில் உலாவி மகிழும் அத்தெருக்களின் அகலம் ஒருகாலத்து மக்களின் நடுக்கத்தை அளந்து போட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஒடிசாவையும் நோக்குவோம். 1999 அக்டோபர் 29 அன்று வீசிய பெரும்புயலில் பத்தாயிரம் பேரளவில் இறந்தனர். 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே கடும்புயல் கரையேறியபோது, அதற்குமுன்னரே இலட்சக்கணக்கான மக்களை அப்புறப்படுத்திவிட்டதால் இறப்புகள் சில பத்துகளோடு நின்றன. கடல் அதுவே, காற்றும் ஏறக்குறைய அதுவே. தங்கிடங்களும், எச்சரிக்கையை வீடுதோறும் கொண்டுசென்ற கால்களுமே இடையில் வந்தவை.

எனினும் ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. அதனை மறைத்துச் செல்வது முறையன்று. நாம் அறிந்த அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஒருவருக்கு அந்தமானுக்கு மாற்றல் வந்தது. 2004-இன் ஆழிப்பேரலையை அவர் குடும்பம் மறக்கவில்லை; அத்தீவுகள் நிலநடுக்க இடர் மிக்க பகுதியில் இருப்பவை என்பதும் உண்மையே. முதிய பெற்றோரைக் காரணங்காட்டி, அங்குமிங்கும் விண்ணப்பித்து, ஆணையை நீக்கிக்கொண்டார். தன் குழந்தைகளைக் காக்க நினைக்கும் தந்தையை யார் குறை கூறுவார்? ஆனால் இடம் காலியாக இருக்கவில்லை. ஒரு திங்களுக்குள் பணியில் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அங்கு அனுப்பப்பட்டார். பரிந்து பேச ஆளில்லாதவர். அவருக்கும் ஒரு தாயும் கைக்குழந்தையும் உண்டு. முன்னவர் இடரை ஒழிக்கவில்லை, கைமாற்றினார். “அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறான்” என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு. அவ்வாறாயின் அவருக்கும் ஒன்றும் ஆகியிராது என்பதுதானே பொருள்? ஏதேனும் ஆகியிருந்தால் அப்போது என்ன சொல்லியிருப்பார்? இரண்டு வினாக்களுக்கும் அவரிடம் விடையில்லை. நம்மிடமும் முழுமையான விடையில்லை. போக மறுப்பதற்குக் கடமையுணர்வு தடையாயின், குழந்தைகளை உடன் அழைத்துப்போவதற்கு எது தடை என்று அவர் திருப்பிக் கேட்டால் நாம் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். மறுக்கும் வழி ஒருவருக்குத் திறந்தும் மற்றவருக்கு அடைத்தும் இருப்பது நேர்மையன்று என்ற அளவில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

அந்த இளைஞர் அங்குச் சென்று சேர்ந்ததும் அலுவலகத் தோழர்க்கு மடல் எழுதியிருந்தார். வீடு பார்க்கப் போன இடத்தில் வாடகையைக் கேட்கும் முன்னர், 2004-இல் இத்தெருவினர் எந்த மேட்டில் ஏறி நின்றார்கள் என்று கேட்டாராம். வீட்டுக்கார அம்மையார் குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அந்த மேட்டுக்கு அவரை நடத்தியே அழைத்துச் சென்று காட்டினாராம். போகவர இருபது நிமிடம் ஆயிற்று என்று மணி பார்த்து எழுதியிருந்தார்.